ஆடை சொல்லும் அரசியலும் அதன் மீதான மறுப்புகளும்

ஒருவர் அணிந்திருக்கும் ஆடை அரசியல் கருத்தொன்றைத் தெரிவிக்குமானால், அதைப் பேச்சாகக் கருதிப் பாதுகாப்பதா, நடத்தையாகக் கருதி ஒழுங்குபடுத்துவதா என்ற கேள்விக்குச் சட்டமும் அரசியல் சிந்தனையும் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்துள்ளன. துண்டறிக்கையை வாங்க மறுக்கலாம், மேடைப் பேச்சைக் கேளாமல் எழுந்து செல்லலாம்; ஆனால் சட்டையில் எழுதப்பட்ட வாசகம் அணிந்தவரோடு நடந்து வந்து, வரிசையில் நின்று, வகுப்பறையில் அமர்ந்துகொள்கிறது. ஆடையின் மீதான மறுப்புகள் பலவும் இந்தத் தப்பவியலாமையிலிருந்தே பிறக்கின்றன. எனினும் மறுப்பாளர்கள் அனைவரும் ஒரே காரணத்தைச் சொல்வதில்லை. சிலர் பொது அமைதியையும், சிலர் பிறர் மனம் புண்படுவதையும், வேறு சிலர் இடத்தின் நடுநிலையையும் முன்வைக்கின்றனர். இந்தக் காரணங்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் நிற்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிநிலையைக் காத்த ஆடைச் சட்டங்கள்

ஆடையை அரசு கட்டுப்படுத்துவது புதிதன்று. யார் பட்டு அணியலாம், எந்த நிறம் எந்தத் தகுதிக்குரியது என்றெல்லாம் வகுத்த சட்டங்கள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடைமுறையில் இருந்தன; இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574-இல் இத்தகைய விரிவான ஆணையொன்றைப் பிறப்பித்தார். இவற்றின் நோக்கம் கருத்தை ஒடுக்குவது என்பதைவிட, ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய சமூக இடம் தெரியவேண்டும் என்பதாகவே இருந்தது.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நடத்திய தோள்சீலைப் போராட்டம் இந்தப் பழைய தருக்கத்தை அதன் மிகக் கொடிய வடிவில் காட்டுகிறது. பல பத்தாண்டுக் கலவரங்களுக்குப் பின், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்தால் 1859 ஜூலையில் வெளியான அரசாணை அப்பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனையை அது விட்டுவைத்தது. உடலை மறைக்கும் உரிமையைத் தந்த அரசு, சமத்துவத்தை அறிவிக்கும் உரிமையைத் தரவில்லை. அப்பெண்கள் உடுத்தியது துணி மட்டுமே என்று சொல்ல அன்றைய எதிர்ப்பாளர்களாலேயே முடியவில்லை. அதில் ஓர் அரசியல் கூற்று இருந்ததைப் புரிந்துகொண்டதால்தான் அவர்கள் தெருவில் அந்தத் துணியைக் கிழித்தனர்.

அரசியல் காரணத்துக்காகவே ஓர் ஆடை தடைசெய்யப்பட்டதற்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. 1745-இல் எழுந்த யாக்கோபியக் கிளர்ச்சி மறு ஆண்டு கலோடன் போரில் முறியடிக்கப்பட்டபின், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மலைநாட்டு ஆண்களின் கட்டம்போட்ட மரபுடையைத் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடு கடத்தல். அதே உடையை அரசப் படையில் சேர்ந்த மலைநாட்டுப் படைவீரர்கள் அணிவதற்கு மட்டும் தடையில்லை. ஆக, அரசு அஞ்சியது துணியைக் கண்டு அன்று, அதை அணிந்தவரின் விசுவாசம் யார் பக்கம் என்பதைக் கண்டே. 1782-இல் அந்தத் தடை நீக்கப்பட்டபோது கிளர்ச்சியின் அபாயம் முற்றிலும் மறைந்திருந்தது.

சீருடையும் அச்சுறுத்தலும்

ஆடைத் தடைக்கு ஆதரவான வாதங்களில் மிக வலுவானது சீருடை பற்றியது. ஒரே நிறச் சட்டையில் அணிவகுக்கும் கூட்டம் கருத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. தான் ஒரு படை என்பதையும், எதிர்ப்போர் மீது கைவைக்கும் வல்லமை தனக்கு உண்டு என்பதையும் காட்டுகிறது என்பதே அவ்வாதம். ஆஸ்வால்டு மோஸ்லியின் கருஞ்சட்டைப் பாசிசவாதிகள் கிழக்கு லண்டனின் யூதர் பகுதிகள் வழியாக அணிவகுக்க முயன்று, 1936 அக்டோபரில் கேபிள் தெருவில் பெரும் மோதல் மூண்டதையடுத்து, அவ்வாண்டின் பொது ஒழுங்குச் சட்டம் அரசியல் நோக்கம் கொண்ட சீருடைகளைப் பொது இடங்களில் அணிவதைக் குற்றமாக்கியது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நிறச்சட்டைப் படைகள் தெருவைக் கைப்பற்றி ஆட்சியையும் கைப்பற்றியதைக் கண்ணெதிரே கண்டவர்கள் இயற்றிய சட்டம் அது. அவர்களுடைய அச்சத்தை ஆதாரமற்றது என ஒதுக்க முடியாது.

ஆனால் இதே வாதம் வேறிடத்தில் எவ்வளவு எளிதாக நீண்டது என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை இன இழிவின் அடையாளமாகக் கறுப்பைத் தேர்ந்தது. 1946-இல் மதுரையில் நடந்த அதன் மாநாட்டில் பந்தலுக்குத் தீ வைத்தவர்கள் கருஞ்சட்டை அணிந்தோர் அல்லர், அவர்களை எதிர்த்தோரே. இருந்தும், 1948 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவை அந்தப் படையையே தடைசெய்தது. இயக்கத்தார் அனைவரும் எந்நேரமும் கறுப்புச் சட்டை அணிய வேண்டுமா என்பதில் பெரியாருக்கும் அண்ணாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அந்த விவாதம் இயக்கத்துக்குள் நடக்க வேண்டியது, அரசு தலையிட்டு முடித்துவைக்க வேண்டியதன்று. மோஸ்லியின் படையும் பெரியாரின் படையும் ஒரே நிறம் உடுத்தின என்பதைத் தவிர அவற்றுக்கிடையே பொதுவானது மிகக் குறைவு. நிறத்தை மட்டும் பார்க்கும் சட்டம் ஆதிக்கம் செய்பவரையும் ஆதிக்கத்தை எதிர்ப்பவரையும் பிரித்தறியாது என்பது சீருடை வாதத்தின் முதன்மையான குறை.

பேச்சாக ஏற்கப்பட்ட ஆடை

ஆடையைப் பேச்சாக ஏற்ற நீதித்துறை மரபு பெரிதும் வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில் உருவானது. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் போருக்கு எதிராகக் கறுப்புக் கைப்பட்டை அணிந்து பள்ளிக்கு வந்த மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். டின்கர் வழக்கு என அறியப்படும் இதில், 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மாணவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பள்ளியின் செயல்பாட்டுக்குக் கணிசமான இடையூறு நேரும் என நியாயமாக எதிர்பார்க்க முடிந்தாலன்றித் தடை கூடாது என்பது அதன் அளவுகோல். சுமார் 18,000 மாணவர் கொண்ட அந்தப் பள்ளி அமைப்பில் தேர்தல் வில்லைகளும், நாசியத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இரும்புச் சிலுவையும்கூட அனுமதிக்கப்பட்டிருந்தன, கறுப்புக் கைப்பட்டை மட்டுமே தனித்துத் தடுக்கப்பட்டது என்ற உண்மை தீர்ப்பில் எடை பெற்றது.

1971-இன் கோஹன் வழக்கு இன்னும் கடினமானது. 1968 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றக் கட்டடத்தின் நடைகூடத்தில், கட்டாய ராணுவச் சேர்ப்பை அச்சிடத் தகாத வசைச்சொல்லால் சாடும் வாசகம் எழுதிய மேற்சட்டையோடு ஓர் இளைஞர் நின்றிருந்தார். நீதிபதி அமர்ந்திருந்த அறைக்குள் நுழைந்ததும் அவர் அதைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். காவலர் ஒருவர் நீதிமன்ற அவமதிப்புக்கு நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதிக்குக் குறிப்பு அனுப்ப, நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்த இளைஞர் மீண்டும் வெளியே வந்தபின்னரே காவலர் அவரைக் கைது செய்தார். பொது அமைதியைக் குலைத்ததாக 30 நாள் சிறை விதிக்கப்பட்டது. அங்கு எவரும் கொதித்தெழுந்ததாகவோ கைகலப்பு நேர்ந்ததாகவோ பதிவு இல்லை.

தண்டனையை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீக்கிய தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹார்லனின் வாதம் மூன்று படிகள் கொண்டது. பிடிக்காதவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். எந்தச் சொல் நாகரிகமானது என்று பிரித்துக்காட்ட அரசிடம் நம்பகமான அளவுகோல் இல்லை. ஒரு சொல்லின் உணர்ச்சி வேகமும் அதன் பொருளின் பகுதியே ஆதலால், சொல்லைத் தடுக்கும்போது கருத்தும் சேர்ந்து தடைபடும். இம்மூன்றில் கடைசி வாதமே காலத்தைத் தாண்டி நிற்கிறது. முதல் வாதம் அவ்வளவு உறுதியானதன்று, ஏனெனில் வகுப்பறையில் ஆறு மணிநேரம் உடன் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் வசதி இல்லை.

இவ்விரு வழக்குகளிலும் மறுதரப்பில் நின்றவர் நீதிபதி ஹியூகோ பிளாக் என்பது கவனிக்கத் தக்கது. பேச்சுரிமைக்கு விதிவிலக்கே கூடாது என வாழ்நாளெல்லாம் வாதிட்ட அவர், ஆடையைப் பெரும்பாலும் நடத்தையாகவே பார்த்த தரப்போடு சேர்ந்தார். பேச்சுக்கு முழுக்காப்பு வேண்டும் என்போர் பேச்சின் வரையறையைச் சுருக்கிக்கொள்ளும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறார்கள். வரையறையை விரிப்போருக்கோ காப்பின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியை எந்த நீதிமன்றமும் முழுமையாகக் கடந்துவிடவில்லை.

யாருடைய வாசிப்பு?

வாசகம் இல்லாத சின்னங்கள் வரும்போது சிக்கல் கூடுகிறது, ஏனெனில் சின்னம் தனக்குத்தானே பொருள் சொல்வதில்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாசிச் சின்னங்களைப் பொதுவெளியில் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. கலை, ஆய்வு, கற்பித்தல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அந்நாட்டின் வரலாற்றை அறிந்தவர்கள் இத்தடையைப் பேச்சுரிமை மீதான சாதாரணத் தலையீடாகக் கருத மாட்டார்கள். ஆயினும் அங்கேயே, ஸ்வஸ்திகாவைக் குறுக்குக் கோடிட்டு அடித்துக்காட்டும் நாசி எதிர்ப்புப் பொருள்களை விற்றவருக்குக் கீழ் நீதிமன்றம் அபராதம் விதித்து, 2007-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை நீக்க வேண்டி வந்தது. சின்னத்தைப் பார்த்த சட்டம், அதைக்கொண்டு சொல்லப்பட்டதைப் பார்க்கத் தவறியதன் விளைவு அது.

ஹங்கேரியில் சட்டபூர்வமான ஆர்ப்பாட்டமொன்றில் மேற்சட்டையில் ஐமுனைச் செந்நட்சத்திரம் குத்தியிருந்த இடதுசாரி அரசியல்வாதி வைனாய் தண்டிக்கப்பட்டார். 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய கருத்துரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. செந்நட்சத்திரம் சர்வாதிகாரக் கம்யூனிச ஆட்சியைக் குறிக்கலாம். உலகத் தொழிலாளர் இயக்கத்தையும் சட்டபூர்வமான கட்சிகளையும் குறிக்கலாம். அந்த ஆட்சியில் துன்புற்றோரின் மனவேதனை புரிந்துகொள்ளத்தக்கது, ஆனால் அந்த வேதனை மட்டுமே பேச்சுரிமையின் எல்லையாகிவிட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இந்த முடிவை எளிதில் ஏற்பவர்கள்கூட அதன் விலையை மறக்கக்கூடாது: சிறை முகாமில் உறவினரை இழந்தவரிடம் ‘உங்கள் வலி உண்மை, ஆனால் போதாது’ என்று சட்டம் சொல்கிறது. அப்படிச் சொல்லாவிட்டால் வலியின் பெயரால் எவரும் எவருடைய ஆடையையும் நீக்கக் கோரலாம் என்பதே அதற்கான நியாயம்.

அந்த அபாயம் கற்பனையன்று. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குச் சில வாரங்களுக்குப் பின், இலங்கையின் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் தம் உடையில் அச்சிட்டிருந்த உருவத்துக்காகக் கைது செய்யப்பட்டார். அது பௌத்தத் தருமச்சக்கரம் என்று காவல்துறை கொண்டது. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்க 2007-இல் இயற்றிய சட்டமே அவர் மீது பாய்ச்சப்பட்டது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பளித்தது. அவர் எதையும் சொல்ல முனையவில்லை; பார்த்தவர்களின் அச்சமும் பகைமையும் அவருடைய உடைக்கு ஒரு பொருளைக் கற்பித்தன. பார்ப்பவரின் வாசிப்பை அளவுகோலாக ஏற்கும் எந்தச் சட்டத்திலும் அதிகாரம் குறைந்த சமூகத்தவரே முதலில் அகப்படுவர் என்பதை இவ்வழக்கைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

இடத்தின் நியாயம்

மனம் புண்படுதல் என்ற வாதத்தைவிட இடம் சார்ந்த வாதம் உறுதியானது. வாக்குச்சாவடி அதற்கு நல்ல களம். இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்குப்பதிவு நாளில் சாவடியின் 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பதையும் தேர்தல் தொடர்பான அறிவிப்போ அடையாளமோ காட்டுவதையும் தடுக்கிறது. கட்சிக்கரை வேட்டியும் துண்டும் அன்றாட உடையாகிவிட்ட தமிழ்நாட்டில், உடை எப்போது அடையாளமாகிறது என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் மான்ஸ்கி வழக்கில் இதே ஐயத்தை எதிர்கொண்டது. மினசோட்டா மாநிலச் சட்டம் ‘அரசியல்’ வில்லைகளையும் சின்னங்களையும் சாவடிக்குள் தடைசெய்தது, ஆனால் அரசியல் என்பது எது என்று வரையறுக்கவில்லை. துப்பாக்கி உரிமை பற்றிய இரண்டாம் அரசமைப்புத் திருத்தத்தை அச்சிட்ட சட்டை அனுமதிக்கப்படுமா என்று கேட்டபோது, தடுக்கப்படலாம் என்று மாநில வழக்கறிஞர் விடையளித்தார். முதல் திருத்தத்தை அச்சிட்ட சட்டைக்கோ தடையில்லை என்றார். சாவடியை அமைதியான இடமாகக் காக்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஏற்ற நீதிமன்றம், எதைத் தடுப்பது என்று வாசலில் நிற்கும் அலுவலரின் ஊகத்துக்கு விடும் சட்டத்தை ஏற்கவில்லை.

சட்டமன்றங்களும் நாடாளுமன்றங்களும் இன்னொரு வகை. 2025 மார்ச் 20 அன்று தொகுதி மறுவரையறைக்கு எதிரான வாசகங்கள் பொறித்த டி-சட்டைகளோடு தி.மு.க. உறுப்பினர்கள் வந்தபோது, மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அவை விதிகளைச் சுட்டி ஆட்சேபித்தார், அவையும் ஒத்திவைக்கப்பட்டது. பிரிட்டனில் 2013-இல் கரோலின் லூக்கஸ் நாளிதழ்களின் அரைநிர்வாணப் படங்களுக்கு எதிரான வாசகச் சட்டையோடு விவாதத்தில் பேசியபோதும் அதை மூடும்படி அவைத் தலைமை கேட்டது. அவையில் பேச்சு நேரத்தால் பங்கிடப்படுகிறது; சட்டையோ முறை வராமலே தொடர்ந்து பேசுகிறது. ஆகவே அவை விதிக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் பேச நேரம் மறுக்கப்படும் சிறுபான்மைக்கு உடையே எஞ்சிய கருவி என்பதும் உண்மை. இந்த விதி நியாயமாக இருக்க வேண்டுமானால் பேசும் வாய்ப்பும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும்.

நடுநிலை என்ற கோரிக்கை

பிரான்சு 2004-இல் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மதச் சின்னங்களையும், 2010-இல் பொது இடங்களில் முகத்தை முழுதாக மறைக்கும் உடையையும் தடைசெய்தது. இரண்டாம் சட்டத்தை 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற நோக்கத்தின் பெயரால் ஏற்றது. பாதுகாப்பு, பெண் சமத்துவம் ஆகிய வாதங்களை அந்நீதிமன்றமே போதாதவை எனத் தள்ளியபின் எஞ்சியது இந்த நெகிழ்வான கருத்து ஒன்றே. பெரும்பான்மையின் அசௌகரியத்துக்கு அது கௌரவமான பெயர் ஆகிவிடக்கூடும் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது.

உடுப்பியில் தொடங்கிய ஹிஜாப் சர்ச்சையையொட்டிக் கர்நாடக அரசு 2022 பிப்ரவரி 5 அன்று பிறப்பித்த சீருடை ஆணையை மாநில உயர் நீதிமன்றம் மார்ச்சில் உறுதிசெய்தது. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமா என்ற கேள்வியே அங்கு மையமாயிற்று. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற அமர்வு பிளவுபட்டது: நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார், நீதிபதி சுதான்ஷு தூலியா இதை மாணவியரின் தெரிவும் கல்வியும் சார்ந்த விவகாரமாகப் பார்த்துத் தடையை நீக்க முனைந்தார். உடை கருத்து வெளிப்பாட்டின் பகுதி என்று 2014-இன் திருநர் உரிமைத் தீர்ப்பான நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே கூறியிருந்த நிலையில், மதத்தின் இன்றியமையாமையை ஆராயும் வழி தேவையற்ற சுற்றுவழி என்றே தோன்றுகிறது. அந்த வழியில் சென்றால், பெண் எதைச் சொல்ல விரும்புகிறாள் என்பதைவிட நூல் என்ன சொல்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

மறுபுறம், ஈரானில் அரசே தலைமறைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதை முறையாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி 2022 செப்டம்பரில் காவலில் இருந்தபோது இறந்ததும் பெரும் போராட்டம் வெடித்தது. உடுத்தாதே என்பதும் உடுத்தியே தீர் என்பதும் எதிரெதிர் ஆணைகளாயினும், இரண்டிலும் பெண்ணின் உடலில் எந்தக் கருத்து இருக்கலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமையை அரசு எடுத்துக்கொள்கிறது.

தீராத கேள்விகள்

மேற்கண்ட நிலைப்பாடுகளை எடைபோட்டால், குறிப்பிட்ட இடமொன்றின் பணிக்குத் தெளிவாக வரையறுத்த, எல்லாக் கருத்துக்கும் சமமாகப் பொருந்தும் கட்டுப்பாடே ஓரளவு நியாயப்படுத்தத் தக்கது என்றும், பார்ப்பவரின் மனவருத்தத்தை மட்டும் நம்பும் தடை நிலைக்கத் தகாதது என்றும் கருத இடமுண்டு. ஆயினும் இந்த முடிவு பள்ளி வாசலில் தடுமாறுகிறது. பாலினம் இரண்டே என்ற வாசகம் பொறித்த சட்டையை மாணவர் ஒருவரை அணியவிடாத மாசசூசெட்ஸ் பள்ளியின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் ஏற்றது. 2025 மேயில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது, இரு நீதிபதிகள் அதை எதிர்த்து எழுதினர். அந்த வாசகம் உடன் பயிலும் சிறுவர்களின் அடையாளத்தையே மறுக்கும்போது அதைப் போரெதிர்ப்புக் கைப்பட்டையோடு ஒரே தட்டில் வைக்கலாமா? அதே பள்ளி எதிர்க்கருத்தை ஊக்குவித்திருந்தால் விடை மாறுமா? டின்கர் வழக்கின் அளவுகோல் இதற்கு முழுமையான விடை தரவில்லை.

இன்னொரு கேள்வி இதுவரையான சட்ட மரபுக்கு வெளியே நிற்கிறது. அரசமைப்பு உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியே பேசுகின்றன. கட்டாரில் 2022 உலகக்கோப்பையின்போது, பாகுபாட்டுக்கு எதிரான வண்ணக் கைப்பட்டையை அணியத் தீர்மானித்திருந்த ஏழு ஐரோப்பிய அணிகள், அணித்தலைவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டப்படலாம் என்று பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு எச்சரித்ததும் அதைக் கைவிட்டன. அந்த முடிவை எடுத்தது எந்த நாட்டின் அரசும் அன்று; அதை உரைத்துப் பார்க்கப் பேச்சுரிமைச் சட்டம் எதுவும் பொருந்தவும் இல்லை. வேலை வழங்குவோர், விளையாட்டு அமைப்புகள், விற்பனைத் தளங்கள் ஆகியோரின் கையில் ஆடைக் கட்டுப்பாடு மேலும் மேலும் சேர்ந்துவரும் நிலையில், டின்கரும் கோஹனும் வைனாயும் அரசுக்கு எதிராக வென்ற காப்பை இவர்களிடம் எந்த வடிவில் கோருவது என்பதற்கான கோட்பாடு இன்னும் உருவாகவில்லை.